சும்மா கிடந்த பேர்

சீவலப்பேரி
3.9.2025

அன்புத் தம்பி மாரிசெல்வத்துக்கு,

மாரிசெல்வம் எழுதுவது. பதறாதே, பழக்கதோஷம். உன் அண்ணன் தில்லைநாயகம்தான் எழுதுகிறேன்.

என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்திருப்பதை உன் மதினி செல்லக்கிளி கண்டுபிடித்தாள். அவள் போனிலிருந்து அடித்தால் மணி போகிறது, என் போனிலிருந்து அடித்தால் யாரோ ஒரு பெண் வந்து மன்னிப்புக் கேட்கிறாள். போகட்டும். தபால்காரரைத் தடுக்கும் வசதி இன்னும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து வாசலில் நின்றே கத்தியதும், செல்லக்கிளி வைத்த மீன்குழம்பைத் தொடாமல் அடுத்த பஸ்ஸில் தூத்துக்குடிக்குத் திரும்பியதும் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு எதிர்வீட்டு சித்ரலேகா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று அவள் சொன்ன கதையில் உன் கையில் அரிவாள் இருந்தது. நாளைக்குள் எனக்கு வெட்டு விழுந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. உன் பேரை நீ கேட்கிறாய். ஆனால் கொஞ்சம் என் பக்கமும் வந்து நின்று பார். போன வருஷம் ஃபேன்சி கடையை மூடினேன். வளையலும் ஹேர் கிளிப்பும் வாங்க வந்த பிள்ளைகள் எல்லாம் போனிலேயே வாங்க ஆரம்பித்தார்கள். சரி, எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போவோம் என்று நாற்கரச் சாலையில் அந்த ஆன்லைன் கம்பெனி சாமான் அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்கு வேலை கேட்டுப் போனேன். ஆள் பிடிக்கும் ஏஜென்ட் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, மகன் வெளிய நிக்கானா? உள்ள வரச் சொல்லுங்க” என்றான். நாற்பதுக்கு மேல் எடுப்பதில்லையாம். எனக்கு ஐம்பத்திரண்டு.

நீ அப்போது போர்வெல் லாரியோடு ஒடிசாவில் இருந்தாய். அங்கே பேருக்கே வேலையில்லை, ‘ஏய் மதராசி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய். “சும்மாதானலே கெடக்கு உன் பேரு, ஆறு மாசத்துக்குக் குடு” என்றேன். கொடுத்தாய். ஓடிபி எண்ணைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். ஏஜென்டுக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம், காகிதம் சரியாக இருந்தால் போதும் என்றான். ஆதார் படத்துக்குத்தான் பயந்தோம். அந்தப் படம் உன்னைப் போலவும் இல்லை, என்னைப் போலவும் இல்லை, எங்கேயோ காணாமல் போன ஒருத்தரைப் போல இருந்ததால் தப்பித்தோம்.

போன மாதம் உன் பிறந்தநாளை நாங்கள் கொண்டாடினோம், தெரியுமா? எங்கள் டீம் லீடர் மதுமதி, என் மகள் நித்யாவைவிட நாலைந்து வயசு மூத்த பெண், என்னை ‘மாரி ப்ரோ’ என்பாள். அவள்தான் கேக் வாங்கி வந்தாள். மேலப்பாளையம் அசன் மைதீன் என் மூக்கில் கிரீமைத் தடவி, “இன்னும் ஒரு வருசந்தான் வே. நாப்பது ஆயிட்டா நீரு கெழவன்” என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நிமிரும்போது என் முட்டி மடக்கென்று போட்ட சத்தம் அதில் அமுங்கிப் போனது.

நித்யாவுக்கு நர்சிங் படிப்பு மே மாதம் முடிகிறது. அதுவரை மட்டும் பேரை விட்டு வை. அதற்கு மேல் ஒரு நாள் கேட்கமாட்டேன்.

அண்ணன்
தில்லைநாயகம்


தூத்துக்குடி
8.9.2025

அண்ணனுக்கு,

போனைத் திறக்கமாட்டேன். நீ வாயைத் திறந்தால் நான் எதையாவது கொடுத்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் சைக்கிள். அப்பா போனபிறகு வீட்டில் என் பாதி. போன வருஷம் பேர். எழுத்தில் உன் மயக்கு வேலை கொஞ்சம் குறைவு. எழுது, பதில் போடுகிறேன்.

மே மாதம் வரை முடியாது. வாசலில் கத்தியதில் நீ பாதிதான் கேட்டிருப்பாய், முழுதாக எழுதுகிறேன். துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் கம்பெனியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை. ஏணி ஏறிக் காட்டினேன். கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் கம்ப்யூட்டரில் தட்டிய மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க திருநெல்வேலியில வேலை பாத்துக்கிட்டு இருக்கீங்களே? போன மாசம்கூட பி.எஃப். கட்டியிருக்கு” என்றார். நான் அவர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் நான் உன் கிட்டங்கியில் பார்சல் எடுத்துக்கொண்டும் இருக்கிறேன்.

செப்டம்பர் முப்பதுக்குள் அங்கிருந்து விடுவித்ததாகத் தேதி போட்ட கடிதம் வேண்டும். அக்டோபர் ஆறு, திங்கட்கிழமை அதைக் காட்டிச் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவர்களும் நாற்பது தாண்டியவனை எடுக்கமாட்டார்கள். எனக்கு முப்பத்தொன்பது. நீதான் கேக் வெட்டினாயே.

உனக்கு வேலை கிடைக்காதபோது கேட்பதற்கு ஒரு தம்பி இருந்தான். எனக்குத் தம்பி இல்லை.

மாரிசெல்வம்


சீவலப்பேரி
13.9.2025

தம்பி,

கடைசி வரியை இன்லேண்ட் கவரில் எழுதலாமா? பிரித்துப் படித்த உன் மதினி அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

விடுகிறேன். விட்டுவிடுகிறேன். ஆனால் விட்டால் எங்கே போவது என்று தேடிவிட்டு விடலாம் என்று பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் எனக்கு ஷிப்ட். அதனால் காலைகளில் அலைந்தேன். பெட்ரோல் பங்கில், “வெயில்ல நின்னு விழுந்துட்டீங்கன்னா யாரு பதில் சொல்ல?” என்றார்கள். ஒரு ஜவுளிக்கடை வாசலில் கும்பிட்டு வரவேற்கும் ஆள் தேவை என்று பலகை இருந்தது. கும்பிட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறதாம், ஆனால் மீசை போதாதாம். பெரிய மீசைக்காரன் ஒருத்தன் எனக்குப் பின்னால் நின்றான். அவன் கும்பிட்டால் வந்தவர்கள் திரும்பி ஓடிவிடுவார்கள், இருந்தும் அவனை எடுத்துக்கொண்டார்கள்.

தில்லைநாயகத்துக்கு இந்த ஜில்லாவில் வேலை இல்லையடா. மாரிசெல்வத்துக்குத்தான் இருக்கிறது.

அந்த வேலையும் சொகுசு என்று நினைத்துக்கொள்ளாதே. கையில் ஒரு ஸ்கேனரைக் கட்டிவிடுகிறார்கள். எந்த ரேக், எந்தத் தட்டு, எத்தனை வினாடியில் எடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். பிந்தினால் சிவப்பாகும். உன் மதினிகூடச் சிவப்பானால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவாள், அது ஆகாது. ஆறு மணிக்குத் தகரக் கூரை அனல் கக்கும்போது, ரேக்குகளுக்கு நடுவே தள்ளுவண்டியோடு நடந்து நடந்து, நான் யார் பேரில் நடக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். கேட்டில் காவலுக்கு இருக்கும் லூசி அக்கா, உவரிக்காரி, உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் விவரத்தில் திருமணம் ஆகாதவர் என்று இருக்கிறதே, அதனால். போன வாரம் நான் சுகர் மாத்திரையை மறந்துவிட்டுப் போக, செல்லக்கிளி பஸ் ஏறிக் கொண்டுவந்தாள். “நீங்க மாரிக்கு யாரு?” என்று லூசி அக்கா கேட்டிருக்கிறாள். உன் மதினி யோசித்துவிட்டு, “மதினி” என்றிருக்கிறாள். “நீங்களாவது எடுத்துச் சொல்லப்பிடாதா மதினி? நல்ல மனுசன், இப்படி ஒத்தையா நிக்காவளே” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். கட்டின புருஷனுக்குப் பெண் பார்க்கச் சிபாரிசு கேட்கப்பட்டவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. அது இன்னும் தப்பாகப் போயிற்று.

மதுமதியிடம் ராஜினாமா சொல்ல மூன்று முறை போனேன். ஒரு முறை தண்ணீர் கேட்டுவிட்டு வந்தேன், ஒரு முறை டேப் கேட்டுவிட்டு வந்தேன். மூன்றாவது முறை அவளே, “மாரி ப்ரோ, நீங்க இருக்கிறதாலதான் இந்த லைன் ஓடுது” என்றாள். கடை நடத்திய காலத்தில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

தில்லை


தூத்துக்குடி
18.9.2025

அண்ணனுக்கு,

உன் அடுத்த வாரத்தை நம்பாமல் நேற்று சாயங்காலம் நானே வந்தேன். என் வேலையை நானே விடலாம் என்று.

கேட்டில் உன் லூசி அக்கா இருந்தார். “யாரு வேணும் தம்பி?” என்றார். “ஒரு ராஜினாமா கொடுக்கணும்” என்றேன்.

“யாரோடது?”

“மாரிசெல்வம்.”

“மாரி அண்ணன் வேலைய விடுதாவளா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலயே. நீரு யாரு?”

“நான்தான் மாரிசெல்வம்.”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என் ஆதார் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். “எங்க மாரி அண்ணன் உள்ள வேலை பாத்துட்டு இருக்காவ. எல்லாருக்கும் தெரியும். அவுக அட்டைய எங்கன எடுத்தீரு? பைய குடுத்துட்டுப் போயிரும், போலீசைக் கூப்புட வைக்காதயும்.”

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன். ஓடினேன் அண்ணே. என் சொந்த அட்டையைக் களவாடினவனைப் போல நாற்கரச் சாலையைக் குறுக்கே தாண்டி ஓடினேன். ஒரு லாரிக்காரன் என்னை என்னவோ சொல்லித் திட்டினான். பேர் சொல்லித் திட்டவில்லை, அதுவரைக்கும் நிம்மதி.

உள்ளே இருந்த உனக்கு ஒன்றும் கேட்கவில்லையா?

மாரிசெல்வம்


சீவலப்பேரி
21.9.2025

தம்பி,

கேட்டது. பார்த்தேன். சாமான் இறக்கும் கதவு திறந்திருந்தது, அதன் வழியாகக் கேட் தெரியும். உன் நீலச் சட்டை தெரிந்தது. நான் வெளியே வந்து, ‘அக்கா, அவன் சொல்லுதது நெசம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரேக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஸ்கேனர் சிவப்பாகிக் கத்தியது. அதன் வாயையும் பொத்தினேன்.

லூசி அக்கா ஓடி வந்து, “மாரி அண்ணே, ஒரு களவாணிப் பய உங்க பேரைச் சொல்லிட்டு வந்தான், வெரட்டிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னாள். நன்றி சொன்னேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்: அவளுக்கு நான் நன்றி சொன்னேன்.

அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், நீ நம்பாவிட்டாலும். மதுமதி அதிர்ந்துபோனாள். தீபாவளி விற்பனை ஆரம்பிக்கிறது, ஒரு மலை வருகிறது, அது தீர்ந்தபிறகு போங்கள் என்றாள். நான் கெஞ்சினேன். ஏன் என்று கேட்டாள். கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. லூசி அக்கா கேட்டில் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். பெண் தூத்துக்குடிப் பக்கம் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசியில் மதுமதி ஒத்துக்கொண்டாள். முப்பதாம் தேதி வரைக்கும் ஒரு நாள்கூட லீவு போடக்கூடாது, ஒரு சிக்கலும் வரக்கூடாது, அன்று ஷிப்ட் முடியும்போது கடிதம் கையில் தருகிறேன் என்றாள். ஏதாவது விசாரணை, புகார் என்று வந்தால் மேலிடம் கடிதத்தை நிறுத்திவிடுமாம்.

வராது. ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். முப்பதாம் தேதிக்குப் பிறகு என்ன என்று மட்டும் கேட்காதே. செல்லக்கிளி கேட்கிறாள். நித்யா கல்லூரியிலிருந்து போன் போட்டுக் கேட்கிறாள். இருவருக்கும் சித்ரலேகாவைப் பற்றிப் புதுசு புதுசாகக் கதை சொல்லிச் சமாளிக்கிறேன்.

தில்லை


தூத்துக்குடி
26.9.2025

அண்ணனுக்கு,

கல்யாணச் செய்தி கேட்டு மகிழ்ச்சி. பெண்ணிடம் சொல்லி வை, மாப்பிள்ளை யார் என்று கேட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

துறைமுகத்திலிருந்து மறுபடியும் போன் வந்தது. முப்பது என்றால் முப்பதுதான். எனக்கு அடுத்த இடத்தில் இருக்கும் ஆள் தினமும் அங்கே போய் நிற்கிறானாம். ராத்திரி தூக்கம் வருவதில்லை. நான் உறங்காமல் புரண்டுகொண்டிருக்கும்போது நீ என் பேரில் நன்றாக உறங்கிக்கொண்டிருப்பாய் என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பது எனக்கே பிடிக்கவில்லை.

கடிதத்தை மட்டும் அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மாரிசெல்வம்


சீவலப்பேரி
1.10.2025

தம்பி மாரிசெல்வத்துக்கு, இனி ஒரே மாரிசெல்வத்துக்கு,

இதோ கடிதம். சீல் சரியாக விழுந்திருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். ‘நன்னடத்தை உடையவர், எந்தப் புகாரும் இல்லை’ என்று இருக்கிறது. உன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நம் குடும்பத்தில் யாரும் எழுதியதில்லை, சட்டம் போட்டு மாட்டி வை.

மதுமதி கை கொடுத்தாள். அசன் மைதீன் கட்டிப்பிடித்து அழுதான். அவன் அழுதது கொஞ்சம் அதிகம்தான், அதை விடு.

கையெழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காலில் சின்னதாக ஒரு அடி. வீட்டுப் படியில் இடறியது. ஒன்றுமில்லை. கடிதத்தைத் தபாலில் விடாமல் செல்லக்கிளியே கொண்டுவந்து தருவாள். அவளிடம் எதையும் துருவித் துருவிக் கேட்காதே, அவளுக்கு வெயிலில் அலைந்து தலைவலி.

திங்கட்கிழமை நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ. நீலம் வேண்டாம்.

தில்லைநாயகம்


திருநெல்வேலி பெரியாஸ்பத்திரி, எலும்பு வார்டு
4.10.2025

அண்ணே,

மருந்து மயக்கத்தில் கிடக்கிறாய். எழுப்ப வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். இதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்று மதினி கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். “அண்ணன் கால் எப்படி இருக்கு மதினி?” என்று சும்மாதான் கேட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மொத்தத்தையும் சொல்லிவிட்டார்.

வீட்டுப் படியா அது? கிரைண்டர் பெட்டிகளை அடுக்கி இழுக்கும் பேலட் வண்டி காலில் ஏறியிருக்கிறது. முப்பதாம் தேதி சாயங்காலம், வேலை நடக்கும்போது. அசன் மைதீன் முதலுதவிக்கு ஆள் கூப்பிடப் போனபோது அவன் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறாய். காலை ஷூவுக்குள் வைத்துக்கொண்டே ஷிப்ட் முடியும்வரை நின்றிருக்கிறாய். மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. விரல் கறுத்தபிறகு மதினி தரதரவென்று இழுத்து வந்திருக்கிறார். சுகர்க்காரன் கால். இரண்டு விரல் போய்விட்டது, மூன்றாவது விரல் என்னவாகும் என்பது நாளைதான் தெரியும் என்கிறார் டாக்டர்.

என் பேரில் ஒரு விபத்து எழுதப்பட்டால் என் கடிதம் நின்றுவிடும். அதற்காக.

நாளை உன் கம்பெனிக்குப் போகிறேன். தீபாவளி விற்பனை, ஞாயிறும் ஆபீஸ் இருக்கும். நடந்தது எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். வேலை நேரத்தில் அடிபட்டவனுக்கு வைத்தியமும் நஷ்ட ஈடும் அவர்கள் தர வேண்டும். துறைமுக வேலை போனால் போகட்டும். இன்னும் போர்வெல் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மாரி


பெரியாஸ்பத்திரி
4.10.2025, சாயங்காலம்

மாரி,

போகாதே. இதை முதலில் வாசி, பிறகு மற்றதை வாசி: போகாதே.

நாளை விடிந்ததும் முதல் பஸ்ஸில் இதைச் செல்லக்கிளியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் வருவதற்குள் நீ கிளம்பியிருந்தால் எனக்குத் தெரியாது, நான் என்ன செய்வேன், எழுந்து ஓடியா வர முடியும்? இந்த ஒரு தடவை நான் சொல்வதைக் கேள். உன்னிடமிருந்து எவ்வளவோ பேசி வாங்கியிருக்கிறேன், இது நான் உனக்குக் கொடுப்பது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே.

அது யார் தப்பும் இல்லையடா. வண்டியை இழுத்தவன் நான், விட்டவன் நான். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் கொடுத்திருந்தார்கள், நான் போடவில்லை. ஏன் என்று கேள். வேலைக்குச் சேரும்போது விவரமெல்லாம் உன்னிடம் போனில் கேட்டு எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? செருப்பு அளவு என்ன என்று கேட்டேன், ஒன்பது என்றாய். உன் அளவைச் சொன்னாய். என் கால் ஆறு. பூட்ஸ் வந்தது, உள்ளே இரண்டு பூனைகளைக் கட்டி வளர்க்கலாம். மாற்றித் தரச் சொன்னால் கால் எப்படிச் சுருங்கியது என்று கேட்பார்களே? பெட்டிக்குள் வைத்துவிட்டு இத்தனை மாதமும் கான்வாஸ் ஷூவில்தான் நடந்தேன். இப்படி ஒரு முட்டாள்தனம் நம் வீட்டைத் தவிர வேறு எங்கேயும் நடக்காது.

வண்டி ஏறியபோது வலிக்கவில்லை. பயம்தான் வந்தது. ஷிப்ட் முடிய இன்னும் பாதி இருந்தது. ‘ஒன்றும் வரக்கூடாது, ஒன்றும் வரக்கூடாது’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். ஷூவுக்குள் சூடாக நனைந்தது. அசன் மைதீன் என் பக்கத்தை விட்டு நகராமல் என் பார்சலையும் சேர்த்து எடுத்தான். கடிதம் கையில் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கடை திறந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நீ போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? உன் வேலை போகும். ஆள்மாறாட்டம் என்று நம் இருவர் மேலும் கேஸ் வரும். மதுமதி வேலையும் போகும். வெட்டிய விரல் திரும்பி முளைக்காது. எல்லார் வேலையும் போன பிறகு நான் எதைப் பார்த்து நொண்டுவது?

மூன்றாவது விரலைப் பற்றி டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ எழுதித்தான் தெரிந்தது. பயமாக இருக்கிறது மாரி. இங்கே பக்கத்துப் படுக்கைக்காரரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன், அவருக்கு இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, சிரித்தால் வலிக்கிறதாம், நிறுத்தச் சொல்லிக் கும்பிடுகிறார். நிறுத்தினால் என் கண் கால் கட்டுப் பக்கம் போய்விடுகிறது.

திங்கட்கிழமை நீ போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன்


தூத்துக்குடி
6.10.2025

அண்ணே,

நேற்று மதினி கடிதத்தைக் கொண்டுவந்து தந்தபோது நான் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் போனேன். கோபித்துக்கொள்.

இந்த முறை லூசி அக்கா இல்லை. உள்ளே விட்டார்கள். குளிர்சாதன அறையில் ஒரு அதிகாரி இருந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார். உன் கதை முழுவதையும் சொன்னேன். ஏஜென்ட், ஆதார், பூட்ஸ், கிரைண்டர், விரல். கடைசிவரை கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“மாரிசெல்வம் முப்பதாம் தேதி நல்லபடியா வேலைய முடிச்சிட்டுப் போயிட்டார். விபத்துன்னு எதுவும் பதிவு இல்ல. நீங்க யாரு?”

“நான்தான் சார் மாரிசெல்வம். எங்க அண்ணன்…”

“நீங்கதான் மாரிசெல்வமா?”

“ஆமா சார்.”

“அடிபட்டது மாரிசெல்வத்துக்கா?”

“ஆமா சார். இல்ல சார்.”

“உங்க காலைக் காட்டுங்க.”

காட்டினேன் அண்ணே. செருப்பைக் கழற்றி அந்தப் பளபளப்பான தரையில் இரண்டு காலையும் வைத்தேன். பத்து விரலும் இருந்தன. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். “இதைப் பெருசாக்கினா ஆள்மாறாட்டக் கேஸ் உங்க மேலதான் வரும், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவர் மணியை அடித்தார்.

வெளியே வரும்போது ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். கழுத்தில் அட்டை, மதுமதி என்று இருந்தது. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, “அவங்களுக்குக் கால் எப்படி இருக்கு?” என்றாள். அன்றைக்குத் தரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தது அவள்தானாம். சாட்சி சொல்ல வா என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் தேவைப்படவில்லை. இன்று காலை துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். உன் நன்னடத்தையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். வைத்தியச் சலுகைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள், யார் யாருக்கு வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் என்று கட்டம் போட்டிருந்தது. அண்ணனுக்கு எங்கே எழுத என்று கேட்டேன். குமாஸ்தா நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அண்ணனுக்கெல்லாம் இல்ல தம்பி” என்றார்.

அப்பா கட்டத்தில் பேனாவை வைத்தேன். தில்லைநாயகம், வயது எழுபது என்று எழுதிவிட்டால் என்ன என்று நினைத்தேன். என்னை வளர்த்தவன்தானே, பெரிய பொய் இல்லை. உன் ஆதார் படமும் எப்படியும் உன்னைப் போல இருக்காது. குமாஸ்தா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கை அங்கேயே நின்றது.

எல்லாக் கட்டத்திலும் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்றாவது விரல் என்னவாயிற்று என்று மதினியைச் சொல்லச் சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் படு.

உன் தம்பி
மாரிசெல்வம்